உச்சி வெயிலில் ஊமையாகும் டாங்கிள்: ஒரு நிகழ்வு ஆய்வு

புகாரைக் கேட்டால் எளிமையாகத்தான் இருந்தது. இன்மர்சாட் செயற்கைக்கோளின் எஸ்.டி.டி.-சி தடத்தைப் பிடிக்க நண்பர் ஒருவர் மொட்டை மாடியில் சின்ன நிலையம் ஒன்று வைத்திருக்கிறார்; அதில் ரிசீவர் வேலை பார்ப்பது கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகும் டாங்கிள் என்ற சின்னக் கருவி. கப்பல்களுக்கான வானிலை எச்சரிக்கை, கடல்வழி எச்சரிக்கை போன்ற பொதுச் செய்திகள் வரும் தடம் அது, 1.54 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. காலையில் செய்திகள் பிழையில்லாமல் வரும். பத்துப் பதினொரு மணி வாக்கில் பிழை கூடும். நண்பகலில் சுத்தமாக நின்றுவிடும். வெயில் சாய்ந்த பிறகு, யாரும் எதையும் தொடாமலே, மறுபடி வர ஆரம்பிக்கும். மேகமூட்டமான நாளில் இந்தத் தொல்லையே கிடையாது.

"டாங்கிள் ரொம்பச் சூடாகுது. ஒரு ஃபேன் வெச்சுடலாம்னு இருக்கேன், சரிதானே?" என்று கேட்டார். சூடுதான் காரணம் என்ற ஊகம் நியாயமானது. ஆனால் ஃபேன் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: சூட்டினால் ரிசப்ஷன் கெடுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன, ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றைக் கெடுக்கவும் செய்யும். எனவே எந்த வழியில் கெடுகிறது என்று முதலில் பிடிப்போம் என்று முடிவானது.

அமைப்பு

தட்டையான பேட்ச் ஆண்டெனா, அதன் முதுகிலேயே ஒரு எல்.என்.ஏ., அதாவது இரைச்சல் அதிகம் சேர்க்காத முன்பெருக்கி. அங்கிருந்து கோஆக்சியல் கேபிள் ஒரு கரும்சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போகிறது. பெட்டி மழை புகாதபடி ரப்பர் வைத்து மூடியது. உள்ளே ஒரு ராஸ்பெரி பை கணினி, அதன் யு.எஸ்.பி. துளையில் நேரடியாகச் செருகிய ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள். பிளாஸ்டிக் உறை போட்ட பழைய ரகம்: வேண்டிய அதிர்வெண்ணைப் பிடிக்கும் ஆர்820டி2 ட்யூனர், அதை எண்களாக்கும் ஆர்.டி.எல்.2832யு சிப், அளவுகோலாக நிலையான துடிப்பு தரும் 28.8 மெகாஹெர்ட்ஸ் சாதாரண கிரிஸ்டல்.

இந்த டாங்கிள்கள் முதலில் டிஜிட்டல் டி.வி. பார்க்கச் செய்தவை. உள்ளே இருக்கும் சிப்பிலிருந்து 8 பிட் மூல மாதிரிகளை அப்படியே கணினிக்கு எடுக்கலாம் என்பது 2012 வாக்கில் வெளியே பரவி, அதன் பிறகுதான் இவை எல்லோருக்கும் ரேடியோ ஆயின. டி.வி.க்குத் தேவைப்பட்டது அதிகபட்சம் 862 மெகாஹெர்ட்ஸ். ஆர்820டி ட்யூனரின் டேட்டாஷீட்டில் உள்ள எல்லை 42 முதல் 1002 மெகாஹெர்ட்ஸ் வரை. நடைமுறையில் அது 24 முதல் 1766 வரை போகிறது என்பது நம் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். ஆக, 1.54 ஜிகாஹெர்ட்ஸில் நாம் கேட்பது தயாரிப்பாளர் வாக்குக் கொடுக்காத ஒரு வேலையை. இந்த ஆய்வு முழுக்க இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இதே சிப் 100 மெகாஹெர்ட்ஸில் எஃப்.எம். கேட்கும்போது எவ்வளவு சூடானாலும் முனகாது.

வெயில் வந்தால் வேறு என்னென்ன கெடலாம்

நண்பகலில் நிற்கிறது என்றதும் சூட்டின் மேல் பழி போடுவது எளிது. வேறு சில சந்தேகங்களையும் பார்த்துவிட்டுத்தான் மேலே போனோம்.

முதலாவது, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்பது. புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கு இது மார்ச், செப்டம்பர் சமயங்களில் சில நாட்கள், நாளுக்குச் சில நிமிடங்கள் மட்டும் நடக்கும். பெரிய டிஷ் வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும். பேட்ச் ஆண்டெனாவின் பார்வை மிக அகலம், அதில் சூரியன் ஒரு புள்ளி. மணிக்கணக்காக நிற்கும் புகாருக்கு இது பொருந்தாது. இரண்டாவது, அயனிமண்டலச் சிமிட்டல். காந்த நிலநடுக்கோட்டுக்கு அருகில் எல்-பேண்ட் (1 முதல் 2 ஜிகாஹெர்ட்ஸ் வரை) சிக்னல் துடிப்பது உண்மைதான், ஆனால் அது சூரியன் மறைந்த பிறகு தலையெடுக்கிற விஷயம். நம் நிலையமோ அந்த நேரத்தில் நன்றாக வேலை செய்கிறது.

மின்சாரமும் ஒரு சந்தேகம்தான். பெட்டிக்கு வரும் 5 வோல்ட் நீளமான மெல்லிய கேபிளில் வந்தால், வெயிலில் செம்பின் மின்தடை கூடும். 30 டிகிரி ஏறினால் சுமார் 12 சதவீதம். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் காலைக்கும் மதியத்துக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதை விட்டோம்.

மிச்சம் இருந்தவை இரண்டு: ஆண்டெனாவின் முதுகில் வெயிலில் காயும் எல்.என்.ஏ., பெட்டிக்குள் வேகும் டாங்கிள். நண்பகலில், ரிசப்ஷன் நின்றிருக்கும்போதே, அதே கேபிளை வீட்டுக்குள் நிழலில் இருந்த லேப்டாப்பிலும் இன்னொரு டாங்கிளிலும் செருகிப் பார்த்தோம். அதிர்வெண் வாரியாக சிக்னலைக் கோடாகக் காட்டும் வாட்டர்ஃபால் படத்தில் சிக்னல் பளிச்சென்று நின்றது. எல்.என்.ஏ. நிரபராதி.

லாக் பறிபோவது

துப்பு கிடைத்தது பதிவுக் கோப்பில்தான். நண்பர் தன் ஸ்கிரிப்டை மணிக்கு ஒருமுறை டிகோடரை (சிக்னலைச் செய்தியாக்கும் மென்பொருளை) நிறுத்தி மறுபடி தொடங்கும்படி எழுதியிருந்தார். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் டிரைவர் (டாங்கிளை இயக்கும் மென்பொருள்) சொல்லும் செய்திகள் ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. நண்பகல் நேரத்துப் பதிவுகளில் மட்டும், வரிசையாக, 'பி.எல்.எல். நாட் லாக்டு' என்ற வரி.

ட்யூனருக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1541 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னலை அப்படியே மாதிரி எடுக்க இந்தச் சிப்பால் முடியாது. ட்யூனர் தனக்குள்ளேயே ஓர் அலையை உற்பத்தி செய்து, வரும் சிக்னலோடு கலந்து, 3.57 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே இறக்குகிறது. அந்த உள் அலையைத் தருவது ஓர் ஆஸிலேட்டர். அது தானாக எங்கேயும் ஓடிவிடாமல், 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு இழுத்துப் பிடித்து வைப்பது பி.எல்.எல். பிடி இருக்கும் வரை லாக். சூடு ஏறும்போது டிரான்சிஸ்டர்களின் பெருக்கம் குறைகிறது, ஆஸிலேட்டரின் பலம் தேய்கிறது. எல்லைக்குள் வேலை செய்யும்போது இதைச் சமாளிக்க இடம் இருக்கிறது. எல்லைக்கு வெளியே அந்த இடம் ஏற்கெனவே குறுகியது. கடைசியில் பிடி நழுவுகிறது. சூடான ஆர்820டி 1.5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் லாக் இழப்பது இந்த டாங்கிளோடு பழகியவர்கள் பலருக்கும் தெரிந்த குணம். பிடி நழுவும் சூட்டின் வாசல் ஒவ்வொரு சிப்புக்கும் வேறு. ஒன்று தாங்கும், பக்கத்தில் இருப்பது தாங்காது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டிரைவர் லாக்கைச் சரிபார்ப்பது ட்யூன் செய்யும் அந்த நொடியில் மட்டும்தான். அப்போது லாக் ஆகவில்லை என்றால் ஆஸிலேட்டருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டி மறுபடி முயலும். அதுவும் பலிக்காவிட்டால்தான் அந்த வரியை அச்சிடும். ட்யூன் ஆகி ஓடிக்கொண்டிருக்கும்போது பதினொன்றரை மணிக்குப் பிடி நழுவினால் டிரைவருக்கு அது தெரியாது, பதிவுக் கோப்பில் ஒன்றும் விழாது. மாதிரிகள் வழக்கம்போல வந்துகொண்டேயிருக்கும், அவற்றில் சிக்னல் இருக்காது. நண்பரின் ஸ்கிரிப்ட் மணிக்கொருமுறை ட்யூன் செய்ததால்தான் நமக்குச் சாட்சி கிடைத்தது. அப்படி எதுவும் இல்லாமல் நாள் முழுக்க ஓடும் நிலையமாக இருந்தால், நின்றுபோனதாகத் தோன்றும் நேரத்தில் கையால் ஒருமுறை வேறு அதிர்வெண்ணுக்குப் போய்த் திரும்பி வந்து, டிரைவர் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

சூடேற்றிப் பார்த்தது

சந்தேகத்தை உறுதி செய்ய டாங்கிளை மேசைக்குக் கொண்டுவந்து, உறையைக் கழற்றி, ஹேர் டிரையரால் சூடேற்றினோம். 1541 மெகாஹெர்ட்ஸில் வைத்திருந்தபோது முதலில் சிக்னலின் கோடு மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கோடு தடித்து, கலங்கி, அப்புறம் காணாமல் போனது. இரைச்சல் தரை, அதாவது சிக்னலுக்கு அடியில் எப்போதும் இருக்கும் இரைச்சல் மட்டம், மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. டிரையரை நிறுத்தி ஆறவிட்டு மறுபடி ட்யூன் செய்தால் கோடு திரும்பி வந்தது.

அதே டாங்கிளை 1090 மெகாஹெர்ட்ஸில், விமானங்களின் ஏ.டி.எஸ்.-பி செய்திகளுக்கு வைத்து அதே அளவு சூடேற்றினோம். ஒன்றும் ஆகவில்லை. செய்திகளின் வரத்து குறையவே இல்லை.

இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் மேசையில் கோடு நகர்ந்ததற்கும், மறைந்ததற்கும் காரணங்கள் வேறு வேறு என்று புரியும். நகர்ந்தது கிரிஸ்டலால். சாதாரணக் கிரிஸ்டல் சூட்டுக்கேற்ப அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 1541 மெகாஹெர்ட்ஸில் அது 1.5 கிலோஹெர்ட்ஸ். எஸ்.டி.டி.-சி தடமோ நொடிக்கு 1200 குறியீடுகள் மட்டும் அனுப்பும் ஒல்லியான தடம். அதன் டிகோடருக்கு ஒன்றரை கிலோஹெர்ட்ஸ் நகர்வது பெரிய விஷயம். காலை பத்து, பதினொரு மணிக்குப் பிழை கூடியதில், லாக் பறிபோவதற்கு முன்பே, இந்த நகர்வுக்குப் பங்கு இருந்திருக்கிறது. ஏ.டி.எஸ்.-பி-யின் ஒவ்வொரு துடிப்பும் அரை மைக்ரோ நொடிதான். அதற்கு மெகாஹெர்ட்ஸ் கணக்கில் அகலம் வேண்டும். அதில் பத்து கிலோஹெர்ட்ஸ் அப்படி இப்படி நகர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது.

சூட்டை அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் எனப்படும் துப்பாக்கி போன்ற கருவியை டாங்கிளின் பளபளப்பான யு.எஸ்.பி. முனையின் மேல் காட்டினால் அது அறை வெப்பத்தை ஒட்டி ஏதோ ஒன்றைக் காட்டும். தொட்டால் கை சுடும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளியிடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். கருவி பார்ப்பது அதில் பிரதிபலிக்கும் சுவரின் வெப்பத்தை. மேலே ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, ஒரு நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளந்தால் உண்மை தெரியும். அலுமினிய உறை போட்ட டாங்கிள் குளுமையாக இருக்கிறது என்று சிலர் எடுத்துக் காட்டும் அளவீடுகளை இதனால் நான் சட்டென்று நம்புவதில்லை.

குளிர்வித்தால் இரைச்சல் குறையுமா

இந்த இடத்தில் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. ரேடியோ தொலைநோக்கிகளில் முன்பெருக்கியை மைனஸ் இருநூற்றுச் சொச்சத்துக்குக் குளிர்விக்கிறார்களே, அது இரைச்சலைக் குறைக்கத்தானே? டாங்கிளுக்கும் அதே பலன் கொஞ்சமாவது வரக் கூடாதா?

கணக்குப் போட்டால் விடை தெரிந்துவிடும். மின்னணுக்களின் வெப்ப அசைவால் வரும் இரைச்சல் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ட்யூனர் 57 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 330 கெல்வின். அதை 17 டிகிரிக்கு, அதாவது 290 கெல்வினுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இரைச்சல் முழுவதும் வெப்பத்தால்தான் என்றே எடுத்துக்கொண்டாலும் லாபம் 0.56 டெசிபல். நாற்பது டிகிரி குளிர்வித்ததற்கு அரை டெசிபல். தொலைநோக்கிக்காரர்கள் 290-இலிருந்து 20 கெல்வினுக்குப் போகிறார்கள், அது வேறு கதை. அவர்களும் குளிர்விப்பது முதல் பெருக்கியைத்தான், அதற்குப் பின்னால் உள்ள ரிசீவரை அல்ல.

முதல் பெருக்கிக்கு ஏன் அந்த மரியாதை என்பதும் கணக்கில் வரும். ஆர்820டி-யின் இரைச்சல் எண், அதாவது அது தன் பங்காகச் சேர்க்கும் இரைச்சலின் அளவு, 3.5 டெசிபல் அளவு. கெல்வினில் சொன்னால் சுமார் 360. அதற்கு முன்னால் 20 டெசிபல் பெருக்கமும் 0.6 டெசிபல் இரைச்சல் எண்ணும் கொண்ட எல்.என்.ஏ. இருந்தால், அந்த எல்.என்.ஏ.-வின் பங்கு ஏறக்குறைய 43 கெல்வின். டாங்கிளின் 360 கெல்வின் அந்த 20 டெசிபலால், அதாவது நூறால், வகுபட்டு 3.6 ஆகச் சுருங்கிவிடுகிறது. அந்த மூன்றரை கெல்வினில் குளிர்வித்து எதைச் சேமிப்பது? இரைச்சல்தான் உங்கள் கவலை என்றால், டாங்கிளில் ஒட்ட நினைத்த ஹீட் சிங்கை (சூட்டைக் காற்றுக்கு விடும் உலோகத் துண்டை) மறந்துவிட்டு ஆண்டெனாவின் அருகில் நல்ல எல்.என்.ஏ. வையுங்கள்.

மேசைச் சோதனையில் இரைச்சல் தரை அசையாததும் இதோடு ஒத்துப்போகிறது. நம் பிரச்சினை பி.எல்.எல்.-இன் பிடியும் கிரிஸ்டலின் நகர்வும்தான். இலக்கு தெளிவானது: ட்யூனரை வாசலுக்குக் கீழே வைக்க வேண்டும், சூடு ஏறி இறங்குவதை மெதுவாக்க வேண்டும். எவ்வளவு குளிர் என்பது முக்கியமில்லை.

சூடு எங்கிருந்து வருகிறது

டாங்கிள் 5 வோல்ட்டில் சுமார் 280 மில்லியாம்ப் இழுக்கும், 1.4 வாட். ரேடியோவாக எங்கும் எதுவும் வெளியே போகவில்லை, ஆக அத்தனையும் சூடுதான். 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ரெகுலேட்டரில் மட்டுமே அதில் மூன்றில் ஒரு பங்கு எரிகிறது. இரண்டு விரல் அளவு போர்டுக்கு, அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள், இது அதிகம்தான்.

பெட்டியின் கணக்கைப் பார்த்தபோதுதான் நிலைமை மாறியது. மூடி ஏறக்குறைய 20-க்கு 15 சென்டிமீட்டர். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் என்று எடுத்துக்கொண்டால் அந்த மூடியில் விழுவது 30 வாட். கரும்சாம்பல் நிறம் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். டாங்கிள் 1.4, ராஸ்பெரி பை மூன்று நான்கு வாட்; இரண்டும் சேர்ந்து ஐந்து வாட் அளவுதான். பெட்டிக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸைப் போல ஐந்து மடங்கு சூட்டை வெயில் கொண்டுவந்து கொட்டுகிறது. நண்பர் நினைத்தபடி மூடிய பெட்டிக்குள் ஃபேன் வைத்திருந்தால், அந்தச் சூடான காற்றை அது உள்ளேயே கலக்கிக்கொண்டிருந்திருக்கும்.

செய்தவை

டாங்கிளை மாற்றவில்லை. வெப்பத்தைச் சமாளிக்கும் கிரிஸ்டலோடு, உலோக உறையோடு வரும் புது டாங்கிளை வாங்கிப் போட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். எது குணமாக்கியது என்று மட்டும் தெரியாமல் போயிருக்கும். ஒவ்வொன்றாகச் செய்து, இடையில் நல்ல வெயில் நாட்களைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட்டோம்.

முதலில் டாங்கிளை ராஸ்பெரி பை-யின் துளையிலிருந்து பிடுங்கி, குட்டையான எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டினோம். யு.எஸ்.பி. முனையின் உலோகம் வழியாகக் கணினியின் சூடு நேராக டாங்கிளுக்குப் போய்க்கொண்டிருந்தது நின்றது. கூடவே கணினி எழுப்பும் ரேடியோ இரைச்சலும் கொஞ்சம் தள்ளிப்போனது. ஆனால் நண்பகல் புகார் அப்படியே இருந்தது.

அடுத்தது நிழல். பெட்டிக்கு மேலே நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, பெட்டியைவிடப் பெரிய வெள்ளைத் தகடு ஒன்று. அந்த இடைவெளிதான் முக்கியம். தகடு சூடானாலும் நடுவில் ஓடும் காற்று அதை எடுத்துப் போய்விடும். தகட்டைப் பெட்டியின் மேலேயே ஒட்டினால் வெள்ளை நிறத்தின் பலன் மட்டும்தான் கிடைக்கும். மின்சாரமும் வேண்டாம், பராமரிப்பும் வேண்டாம், ரேடியோ இரைச்சலும் இல்லை. பெரும்பாலான நாட்களில் லாக் பறிபோவது இதோடே நின்றுவிட்டது. காற்றில்லாத கடும் வெயில் நாட்களின் மதியத்தில் மட்டும் பதிவுக் கோப்பில் அந்த வரி இன்னும் தலைகாட்டியது.

மூன்றாவது, டாங்கிளிலிருந்து வெளியே சூட்டுக்கு ஒரு வழி. இதில் பலர் செய்வது, சிப்பின் தலையில் குட்டி ஹீட் சிங்க் ஒன்றை ஒட்டுவது. ஆர்820டி2 நான்கு மில்லிமீட்டர் சதுரச் சிப். அதன் அடிவயிற்றில் ஓர் உலோகத் திட்டு போர்டோடு சாலிடர் ஆகியிருக்கும். சூடு கீழிறங்கவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். சிப்பின் தலைப்பக்கம் பிளாஸ்டிக். எனவே ட்யூனருக்கு நேர் கீழே, போர்டின் மறுபக்கத்தில், தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டு) வைத்து ஓர் அலுமினியத் தகட்டோடு அழுத்தி வைத்தோம். பேட் மின்சாரத்தைக் கடத்தாத ரகமாக இருக்க வேண்டும். போர்டின் அடியில் சாலிடர் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவை பேட்டைத் துளைத்துத் தகட்டைத் தொடாதபடி முதலில் நறுக்கிவிட வேண்டும்.

இரண்டு மில்லிமீட்டர் பேட் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று தோன்றலாம். இரண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் பரப்பில், மீட்டருக்கு டிகிரிக்கு 3 வாட் கடத்துத்திறன் கொண்ட பேட்டின் வெப்பத்தடை வாட்டுக்கு 1.7 டிகிரி. 1.4 வாட்டும் அதன் வழியே போனாலும் இரண்டேகால் டிகிரிதான் ஏறும். அதே இடத்தில் பேட் இல்லாமல் வெறும் காற்று இடைவெளி மட்டும் இருந்தால் தடை வாட்டுக்கு 190 டிகிரி. சூடு அந்த வழியை விட்டுவிட்டு வேறு வழி தேடும், கிடைக்கும் வரை போர்டு வேகும். போர்டுக்கும் உறைக்கும் நடுவில் பேட் இல்லாமல் வெறும் அலுமினிய உறைக்குள் போர்டைச் செருகி வைப்பது அழகுக்குத்தான் உதவும்.

தகட்டுக்கு வந்த சூடு பெட்டியை விட்டு வெளியேற வேண்டும். பெட்டியின் அடிப்பக்கப் பிளாஸ்டிக்கை வெட்டிவிட்டு, அந்த அலுமினியத் தகட்டையே அடித்தளமாக, கீழே பார்த்தபடி, ஓரத்தில் சீல் வைத்துப் பொருத்தினோம். நிழலில் இருக்கிறது, மழை விழாது, காற்று தொடும். இதற்குப் பிறகு கடும் வெயில் நாட்களிலும் பதிவுக் கோப்பில் அந்த வரி வரவில்லை.

கிரிஸ்டலுக்கு மட்டும் நேர்மாறான வைத்தியம். அதன் மேல் ஒரு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டைப் போர்த்தி விட்டோம். காற்று சட்டென்று பட்டு அது துள்ளக் கூடாது. மிகத் துல்லியமான ஆஸிலேட்டர்களில் கிரிஸ்டலை ஒரு குட்டி அடுப்புக்குள் வைத்து 70, 80 டிகிரியில் வேண்டுமென்றே சூடாக வைத்திருப்பார்கள். கிரிஸ்டலுக்குச் சூடு கெடுதல் இல்லை, ஏற்ற இறக்கம்தான் கெடுதல். போர்த்திய பிறகும் காலையிலிருந்து மதியத்துக்குள் அதிர்வெண் நகரத்தான் செய்கிறது, ஆனால் மெதுவாக. டிகோடர் பின்தொடர்ந்து போய்விடுகிறது.

செய்யாதவை

ஃபேன் கடைசி வரை தேவைப்படவில்லை. சிறிய டி.சி. ஃபேனின் மோட்டார் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில்தான் தொல்லை தரும், 1.5 ஜிகாஹெர்ட்ஸில் அதைக் காரணம் காட்டி மறுப்பது மிகை. நான் வேண்டாம் என்றது வேறு காரணத்துக்கு: வெளிக்காற்றை இழுக்கும் ஃபேனுக்குத் துளை வேண்டும், துளை வழியே தூசியும் ஈரமும் பூச்சியும் வரும், மொட்டை மாடியில் மலிவான ஃபேனின் பேரிங்குக்கு ஆயுள் குறைவு. அது நிற்கும் நாளில் நிலையமும் நிற்கும். வீட்டுக்குள் மேசையில் இருக்கும் டாங்கிளுக்கு என்றால் தாராளமாக வைக்கலாம். 12 வோல்ட் ஃபேனை 5 வோல்ட்டில் ஓட்டினால் போதும். டாங்கிளுக்குப் போகும் யு.எஸ்.பி. மின்சாரத்தை மட்டும் அதற்குக் கொடுக்க வேண்டாம்.

மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் பெல்டியர் தகடு போடலாமா என்ற பேச்சும் வந்தது. ஒன்றரை வாட் சூட்டை அகற்ற அதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தைத் தின்று, அதையும் சேர்த்து மறுபக்கம் சூடாகக் கக்கும் சாமான் அது. சுற்றியிருக்கும் காற்றின் பனிநிலைக்குக் கீழே போர்டைக் குளிர்வித்தால் அதன் மேல் தண்ணீர் கோக்கும். அந்த ஈரத்தில் ஆர்.எஃப். போர்டு எப்படிப் பிழைக்கும்?

டிரைவர் வழியாகவும் ஒரு பாதை உண்டு. ஆஸிலேட்டர் மின்னோட்டத்தைத் தொடக்கத்திலேயே கூட்டி வைக்கும் திருத்திய டிரைவர்கள் இருக்கின்றன. எல்-பேண்டில் லாக் நிற்க அவை உதவும். ட்யூனர் இன்னும் கொஞ்சம் சூடாகும் என்பது கூடவே வருவது. நிழலும் பேட்டும் போட்ட பிறகு அதைத் தொட வேண்டிய அவசியம் வரவில்லை. நிழல் போட வாய்ப்பில்லாத இடத்தில் இருப்பவர்கள் முதலில் அதை முயன்று பார்க்கலாம், செலவில்லாத வேலை.

நண்பரின் ஸ்கிரிப்டில் ஒரு மாற்றம் மட்டும் செய்தோம். மணிக்கொருமுறை டிகோடரைத் தொடங்கும்போது டிரைவரின் செய்தியோடு, தகட்டில் ஒட்டிய சென்சாரின் வெப்பநிலையும் அதே வரியில் பதிவாகிறது. லாக் இழப்பு மறுபடி வந்தால் எந்த டிகிரியில் வந்தது என்று தேட வேண்டியிருக்காது.

அதே கம்பத்தில் அவருக்கு இன்னொரு டாங்கிள் இருக்கிறது, 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்களுக்கானது. அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள் கைசுடும் அளவுக்குச் சூடாகத்தான் ஓடுகிறது. "அதுக்கும் ஒரு பேட் போட்டுடலாமா?" என்று கேட்டார். செய்திகளின் வரத்தில் மதியத்துக்கும் இரவுக்கும் சூட்டைக் குறை சொல்லும்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நிழல் தகட்டை மட்டும் அதன் பெட்டிக்கும் சேர்த்துக் கொஞ்சம் நீட்டிவிட்டு, மற்றதை அப்படியே விட்டோம்.